பவனிக் குதிரைகளைத் திருப்பி அனுப்பிய கலீஃபா

பட்டத்திற்கு வருபவரை அலங்கரித்த குதிரையில் ஏற்றி, ஈட்டி ஏந்திய காவலர் முன்னே நடக்க, பின்னே பரிவாரம் தொடர அழைத்துச் செல்வது உலகத்து அரசர்களின் வழக்கம். ரோமாபுரி கைஸரும் பாரசீகக் கிஸ்ராவும் இவ்விதமே தம் பதவியை மக்கள் கண்ணுக்குக் காட்டி வந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்களும் நேர்வழி பெற்ற நான்கு கலீஃபாக்களும் இந்தப் பகட்டை அண்டவிடவில்லை. ஆனால் டமாஸ்கஸில் உமையாக்களின் ஆட்சி வேரூன்றியபோது, அது முஸ்லிம்களின் தர்பாருக்குள்ளும் மெல்ல நுழைந்து விட்டது. வந்த முதல் நாளிலேயே அதை வெளியேற்றியவர்கள் ஹஜ்ரத் உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள்.

அன்னாரின் தந்தை அப்துல் அஜீஸ் எகிப்தின் ஆளுநர். தாயார் உம்மு ஆஸிம், ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் பேத்தி. மனைவி ஃபாத்திமாவோ கலீஃபா அப்துல் மலிக்கின் மகள். செல்வத்திலேயே பிறந்து செல்வத்திலேயே வளர்ந்தவர்கள். இளமையில் அவர்கள் அணிந்த ஆடையும் பூசிய நறுமணமும் ஊரறிந்தவை. அவர்களது நடையைக்கூட மற்றவர்கள் பார்த்துப் பழகினார்கள். ஹிஜ்ரி 87-ல் (கி.பி. 706) மதீனாவின் ஆளுநராகச் சென்றபோது பத்து மார்க்க அறிஞர்களை அழைத்து, அவர்களின் ஆலோசனையின்படி நடந்தார்கள். இறையச்சம் அப்போதே இருந்தது, ஆடம்பரமும் உடனிருந்தது.

ஹிஜ்ரி 99-ல் (கி.பி. 717) கலீஃபா சுலைமான் தாபிக் என்னுமிடத்தில் வஃபாத்தானார். அவர் முத்திரையிட்டு வைத்திருந்த மரண சாசனத்தை ரஜா இப்னு ஹைவா (ரஹ்) அவர்கள் திறந்து வாசித்தபோது, அதில் உமர் அவர்களின் பெயர் இருந்தது. கேட்டவர்கள் மகிழவில்லை, பெரும் சோதனை வந்துற்றதென்று கலங்கினார்கள்.

ஜனாஸாவை அடக்கிவிட்டுத் திரும்பும்போது, கலீஃபாவுக்கென்றே உள்ள குதிரைகளைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். தமக்குத் தம் கோவேறு கழுதையே போதும் என்று கூறி, அக்குதிரைகளை விற்றுப் பணத்தைப் பைத்துல்மாலில் சேர்க்கச் சொன்னார்கள். ஈட்டியுடன் முன்னே நடக்க வந்த காவல் தலைவரை விலகச் சொல்லி, தாமும் முஸ்லிம்களில் ஒருவரே என்றார்கள். இறந்த கலீஃபா உடுத்திய ஆடைகள் அவருடைய பிள்ளைகளுக்கு, உடுத்தாத ஆடைகளும் தொடாத வாசனைப் பொருள்களும் புதிய கலீஃபாவுக்கு என்பது அன்றைய வழக்கம். அவற்றையும், விரித்து வைத்திருந்த உயர்ந்த விரிப்புகளையும் பைத்துல்மாலுக்கே அனுப்பினார்கள். தாம் வரும்போது எழுந்து நிற்க வேண்டாமென்று மக்களைத் தடுத்தார்கள்.

பிறகு தம் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். மனைவியிடம், தந்தை தந்த விலையுயர்ந்த நகையைப் பைத்துல்மாலில் சேர்ப்பதா, தம்மைப் பிரிவதா என முடிவு செய்யச் சொன்னார்கள். அந்த அம்மையார் நகையைக் கொடுத்தார்கள். உறவினரின் மானியங்கள் நின்றபோது குடும்பமே கொதித்தது. அத்தையார் நேரில் வந்து பரிந்து பேசியும் அன்னார் இணங்கவில்லை.

டமாஸ்கஸ் ஜாமிஆ மஸ்ஜிதின் பொன் வேலைப்பாடுகளையும் அகற்ற எண்ணினார்கள். அதைக் காண வந்த ரோமத் தூதுவர் வியந்து முகம் வெளிறிப் போனதைக் கேள்விப்பட்டு, அந்த எண்ணத்தை மாற்றிக் கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அல்லாஹ்வின் இல்லத்தின் அழகை விட்டு வைத்தவர்கள், தம் சொந்தச் சிறப்புக்கென ஒன்றையும் வைத்துக் கொள்ளவில்லை.

ஹிஜ்ரி 101 ரஜப் மாதம் (கி.பி. 720), ஏறத்தாழ நாற்பது வயதில் வஃபாத்தானார்கள். நோயுற்றிருந்தபோது பார்க்க வந்த மைத்துனர் மஸ்லமா, அழுக்கேறிய சட்டையை மாற்றக் கூடாதா எனத் தம் சகோதரியைக் கடிந்தார். மாற்றுவதற்கு வேறு சட்டை இல்லை என்று ஃபாத்திமா பதிலளித்தார்கள். பின்னர் கலீஃபாவான சகோதரர் யஸீத் அந்த நகையைத் திருப்பித் தர முன்வந்தபோதும், கணவர் வாழ்ந்த காலத்தில் விட்டதை அவர் மறைவுக்குப்பின் தொடுவதில்லை என மறுத்து விட்டார்கள்.

அன்புச் சகோதர சகோதரிகளே! இரண்டரை ஆண்டுகளே ஆண்ட அவர்களை உலகம் இன்றும் போற்றுவது பவனியால் அல்ல. நம் வீட்டு நிகாஹ்வில், கடன் வாங்கியேனும் மாப்பிள்ளையைக் குதிரையேற்றி வீதிவலம் விடத் துடிக்கும்போது, குதிரைகளைத் திருப்பி அனுப்பிய அந்தப் பெரியாரைச் சற்றே நினைத்துக் கொள்வோம். கண்ணியம் தருபவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நம்மைப் பெருமையிலிருந்து காப்பானாக! ஆமீன்.