வானின் குளிரை அளந்த இராமநாதன்

பாளையம்பட்டியின் கரிசற் காட்டிலே, சித்திரை வெயிலில் மழையை எதிர்நோக்கி நிற்கும் நமக்கு, நம் தலைக்கு நேர் மேலே பூமியின் மிகக் குளிர்ந்த காற்றுப் படலங்களுள் ஒன்று உள்ளதென்றால் வியப்பாகும். அவ்வுண்மையை 1929-ஆம் ஆண்டில் விளக்கியவர் கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன் ஆவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அவர் 1893-ஆம் ஆண்டு பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியிற் பிறந்தார். சென்னை இராஜதானிக் கலாசாலையிற் பௌதிகம் பயின்று, திருவனந்தபுரத்தில் ஆசிரியராயினர். 1921-இல் கல்கத்தா சென்று, சர் சி. வி. இராமனிடம் ஒளிச்சிதறலை ஆராய்ந்தார். 1925-இல் வானிலை இலாகாவிற் சேர்ந்தபின், கருவிகளைச் சுமந்து பறந்த பலூன்களின் குறிப்புகளை ஒப்புநோக்கினார். துருவப் பக்கங்களில் ஏறக்குறைய 9 கிலோமீட்டரில் நின்றுவிடும் குளிர்ச்சி, வெப்ப நாடுகளில் 17 கிலோமீட்டர் வரை தொடர்ந்து, பூச்சியத்திற்குக் கீழ் 80 பாகையையும் எட்டுவதைக் கண்டார். நிலத்திற் சூடேறிய காற்று மேலெழுந்து விரிந்து குளிர்வதே அதற்குக் காரணமாம்.

1948 முதல் 1966 வரை ஆமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் தலைவராய் விளங்கி, சூரியனின் கொடுங்கதிரைத் தடுக்கும் ஓசோனைப் பற்றிய ஆராய்ச்சியை வளர்த்தார். 1984-இல் காலமானார்.

அவர் காட்டிய குளிர்ந்த எல்லையே ஓசோன் மண்டலத்தின் வாயிலாகும். கடற்பாசிகள் வெளிவிடும் புரோமின் சேர்மங்கள் இடிமேகங்களால் உயர்த்தப்பட்டு, அவ்வாயில் வழியே நுழைந்து ஓசோனை அழிக்கின்றன. அணுவுக்கு அணு நோக்கின், குளோரினினும் புரோமின் பன்மடங்கு கொடியது. அது எவ்வளவு ஏறுமென்று இன்று கணிப்போர்க்கும் அவ்வெல்லையின் உயரமும் குளிருமே அடிப்படை. மழைக்காகவே வானை நோக்கிப் பழகிய நாம், இப்பெரியாரைப் போல் அதனை அளந்தறியவும் முற்படுவோமாக.