பொருளியலுக்குக் கணக்கைக் கொணர்ந்த கூர்னோ

பௌதிகம் பயிலும் எனக்குப் பொருளியலோடு என்ன உறவு என்று தோழர்கள் கேட்கலாம். உறவை உண்டாக்கியவன் எங்கள் விடுதித் தம்பி ஒருவன். ஊரில் தமிழிலேயே படித்துவிட்டு இங்கே பொருளியல் பயில வந்தவன். கணிதத் தாளில் தோற்றதும் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டான். விலைவாசியைப் படிக்க வந்தவனுக்கு வகைநுண்கணிதம் எதற்கு என்பது அவன் முறையீடு. அன்றிரவு அவனுக்கு நான் சொன்னது கூர்னோ என்னும் பிரெஞ்சு அறிஞரின் வரலாறு.

அந்துவான் அகுஸ்தேன் கூர்னோ 1801-இல் கிழக்குப் பிரான்சில் கிரே என்னும் சிற்றூரில் பிறந்தார். பாரிசில் கணிதம் பயின்றார். படைத்தலைவர் ஒருவருக்குச் செயலாளராகவும் அவர் மகனுக்கு ஆசானாகவும் ஊழியம் பார்த்துக்கொண்டே 1829-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கணித மேதை புவாசோனின் ஆதரவால் 1834-இல் லியோனில் பேராசிரியரானார்.

1838-இல் செல்வத்தின் கணிதக் கோட்பாடுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. விலை ஏறினால் விற்பனை குறையும் என்பது சந்தைக்குப் போகும் நம் பாட்டிக்கும் தெரியும். கூர்னோ அதையே விலையின் சார்பாக எழுதினார். எழுதியவுடன் வகைநுண்கணிதம் வேலை செய்யத் தொடங்கியது.

அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஓர் ஊற்று. மருந்துநீர் சுரக்கிறது, உரியவர் ஒருவரே, செலவு ஏதுமில்லை. எண்கள் நான் இட்டவை: விலை 3 ரூபாயானால் 90 புட்டி விற்கும், 6 ஆனால் 60, 9 ஆனால் 30. வரவு முறையே 270, 360, 270. உச்சம் எங்கே? விலையை 120-லிருந்து விலையின் பத்து மடங்கைக் கழித்ததால் பெருக்கினால் வரவு. அதன் வகைக்கெழு சுழியாகும் இடம் விலை 6. ஒவ்வொரு விலையாகச் சோதிக்க வேண்டியதில்லை. ஒரே வரியில் விடை.

அருகே இன்னொருவரின் ஊற்றும் இருந்தால்? மற்றவர் விற்கும் அளவு மாறாது என்று கொண்டு ஒவ்வொருவரும் தம் அளவை முடிவு செய்வர். இருவரும் ஆளுக்கு 40 புட்டி விற்கும்போது விலை 4-இல் நிலைக்கும். இருவர் வரவும் சேர்ந்து 320 தான், வாங்குவோருக்கோ இலாபம். போட்டி விலையைக் குறைக்கும் என்ற பேச்சு இங்கே நிறுவப்பட்ட முடிவாயிற்று.

ஆயினும் நூலைச் சீந்துவார் இல்லை. கணிதர்க்குப் பொருளியல் வேண்டாம். பொருளியலார்க்குக் கணிதம் வேண்டாம். கண்பார்வையும் மங்கி வந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1863-இல், குறியீடுகளை அறவே நீக்கி அக்கருத்துகளை மீண்டும் எழுதினார். அதுவும் எடுபடவில்லை. தடை குறியீடுகளில் மட்டும் இருக்கவில்லை போலும்!

இறுதிக் காலத்தில் ஓர் ஆறுதல். அவருடன் பயின்ற நண்பரின் மகன் லியோன் வால்ராஸ், கணிதத்தைப் பொருளியலில் கையாளத் தமக்கு வழிகாட்டியவர் கூர்னோ என்று அறிவித்தார். 1877-இல் கூர்னோ மறைந்தார். 1897-இல் முதல் நூல் ஆங்கிலத்தில் வந்தது. 1950-இல் ஜான் நாஷ் வகுத்த சமநிலைக்கு அந்த இரண்டு ஊற்றுகளே முன்னோடி என்று இன்று எல்லா வகுப்பிலும் கற்பிக்கிறார்கள்.

கதை முடிந்ததும் தம்பி தாளை எடுத்து மூன்றாவது ஊற்று ஒன்றைச் சேர்த்தான். விலை 3 என்று வந்தது. தானே கண்ட விடை! பெட்டியை அவிழ்த்துவிட்டான். அடுத்த மாதம் மறுதேர்வு. தேறுவானா என்று நான் சோதிடம் சொல்ல மாட்டேன். இரவு உணவுக்குப்பின் என் அறையில் விளக்கு எரியும். கணக்குக்கு அஞ்சும் வேறு தம்பி தங்கையர் இருப்பின், சங்கத்தில் சொல்லியனுப்புங்கள். படிப்பகத்தில் கூடுவோம்.