கடல் கடந்த காவலர்: மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான்

பொருள் தேடியும் கல்வி தேடியும் கடல் கடத்தல் தமிழர்க்குப் புதியதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடற்கரை ஊர்களும், உள்நாட்டு நகரத்தார் ஊர்களும் இலங்கை, பர்மா, மலாயா நாடுகளோடு கொண்ட உறவு நெடியது. இன்று வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் இளைஞர் பலர். சென்ற இடத்தின் உணவு, உடை, மொழி, பழக்கம் ஆகியவற்றோடு இணங்கி வாழ்வது எவ்வாறு என்ற வினா அவர்கள் அனைவருக்கும் பொது. அவ்வினாவை இம்மண்ணின் மன்னர் ஒருவரும் எதிர்கொண்டார். ஏழை கூலித் தொழிலாளிக்கு எளிதில் கிட்டாத செல்வமும் செல்வாக்கும் அவரிடம் இருந்தன. ஆயினும் அவருக்கு அவ்வினா எளிதாக அமையவில்லை. அவர்தம் வாழ்வை இக்கட்டுரையில் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் வளர்ப்பும்

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1875ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பிறந்தார். மன்னர் இராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரர் இவர். பாட்டனாரே இவரைத் தத்து எடுத்துக்கொண்டார். 1886இல் பாட்டனார் மறையவே, பத்து வயதுச் சிறுவர் அரியணைக்கு உரியவரானார். ஆட்சிப் பொறுப்பைத் திவான் சேஷையா சாஸ்திரியார் ஏற்று நடத்தினார். புதுக்கோட்டை நகரின் தெருக்களையும் குளங்களையும் சீர்செய்த பெருமைக்குரியவர் அவர்.

இளவரசரின் கல்வி கிராஸ்லி என்னும் ஆங்கிலேய ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆங்கில மொழியும், மேனாட்டு விளையாட்டும், மேனாட்டு நடையுடை பாவனையும் இளமையிலேயே அவருக்கு இயல்பாயின. இந்திய மன்னர்களின் பிள்ளைகளை இவ்வாறு வளர்ப்பதே அன்றைய ஆங்கில ஆட்சியின் விருப்பமாகவும் இருந்தது. அவ்வளர்ப்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை மட்டும் அவ்வாட்சி எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

இரு உலகங்கள்

1894இல் மன்னர் முழு ஆட்சியுரிமை பெற்றார். மன்னர் என்ற முறையில் அவர் திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் அடியவர். தொண்டைமான்கள் தம் பெயருக்கு முன் 'பிரகதாம்பாதாஸ்' என்று பட்டம் தரித்ததும், நாட்டின் சிறு செப்புக் காசு 'அம்மன் காசு' என்று வழங்கப்பட்டதும் அதனாலேயே. நவராத்திரியில் அரிசியோடு அம்மன் காசு வழங்கும் வழக்கமும் இருந்தது. அத்தகைய மரபின் தலைவர், மறுபுறம் ஐரோப்பிய விருந்துகளிலும் குதிரைப் பந்தயங்களிலும் மகிழ்ந்தார். 1898இல் ஐரோப்பா சென்று வந்த பின்னர் அவருடைய கடற்பயணங்கள் பெருகின.

ஆட்சியில் அவர் ஒன்றும் செய்யாதவர் என்று கூறுவது நேர்மையாகாது. 1902இல் மக்கள் பிரதிநிதிகள் அவை தோன்றியதும், 1910இல் அருங்காட்சியகம் நிறுவப்பட்டதும் அவர் காலத்திலேயாம். எனினும் மன்னர் ஊரில் இல்லாத நாட்கள் மிகுந்தன. அரசுப் பணிகள் திவான்களின் கைக்குச் சென்றன. 1909 முதல் மன்னரின் தமையனார் விஜய ரகுநாத பல்லவராயரே திவானாக விளங்கினார்.

மெல்போர்னில் ஒரு மணம்

1915இல் மன்னர் ஆஸ்திரேலியா சென்றார். ஆங்கே மெல்போர்ன் நகரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரின் மகளாகிய மோலி ஃபிங்க் என்னும் நங்கையைக் கண்டு காதல் கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் அவர்கள் திருமணம் நடந்தேறியது. மன்னருக்கு அப்போது வயது 39, மணமகளுக்கு 20.

வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுக்க 1901லேயே சட்டம் இயற்றிய நாடு ஆஸ்திரேலியா. அந்நாட்டுப் பெண் ஒருவர் இந்திய மன்னரை மணந்த செய்தி எங்கும் பரபரப்பூட்டியது. ஆங்கில அரசோ இம்மணத்தை ஏற்க மறுத்தது. ஐரோப்பியப் பெண்ணுக்குப் பிறக்கும் மகன் நாளை அரியணைக்கு உரிமை கோரினால் என்ன செய்வது என்பதே அதன் கவலை. மோலியை அரசியாக ஏற்று உரிய மரியாதைப் பட்டத்தால் அழைக்க அது இசையவில்லை.

புதுக்கோட்டையில் சில மாதங்கள்

அவ்வாண்டின் பிற்பகுதியில் மன்னர் தம் துணைவியாரோடு புதுக்கோட்டை வந்தார். இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அந்நாளில் புதுக்கோட்டைக்கு ரயில் இல்லை. 1929இல்தான் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. மெல்போர்னின் பெருநகர வாழ்வில் பழகிய இளம்பெண் ஒருவர், மொழி அறியாத, வெயில் மிகுந்த ஒரு சிறு நகரின் அரண்மனையில் வாழ வந்தார். தாய்மைப் பேற்றையும் அப்போது எதிர்நோக்கியிருந்தார். வேற்று நாட்டிற்கு மணம் முடித்துச் செல்லும் பெண்ணின் தனிமையை நம் வீடுகளும் அறியும்.

ஊர்மக்கள் தம் மன்னரின் துணைவியாரை வரவேற்கவே செய்தனர். ஆங்கில அதிகாரிகளின் வட்டாரம் முகம் திருப்பிக்கொண்டது. தன் இனத்தவர் தன்னைத் தள்ளிவைக்க, அரண்மனைச் சூழலும் முழுமையாக ஏற்காத நிலையில் அவர் இரு கரைக்கும் இடையே நின்றார். இந்நிலையில் அவர் நோயுற்றார். அரளி நஞ்சு ஊட்டப்பட்டது என்ற ஐயம் எழுந்தது. பின்னர் அச்சத்தோடு அங்கே தங்க எவர்க்குத்தான் மனம் வரும்? 1916 ஏப்ரலில் இருவரும் புதுக்கோட்டையை நீங்கினர்.

சிட்னியும் கான் நகரும்

1916 ஜூலையில் சிட்னியில் அவர்களுக்கு ஆண்மகவு பிறந்தது. தம் முன்னோர் பெயரோடு மகன் பிறந்த நகரின் பெயரையும் சேர்த்து 'மார்த்தாண்ட சிட்னி' என்று மன்னர் பெயரிட்டார். இரு நாட்டையும் ஒரே பெயரில் இணைக்க விரும்பிய தந்தையின் உள்ளம் அதில் தெரிகிறது. ஆனால் அம்மகனுக்கு அரியணை உரிமையை ஆங்கில அரசு வழங்கவில்லை.

சிட்னியில் குதிரைப் பந்தயங்களில் ஈடுபட்டுச் சில ஆண்டுகள் கழித்த மன்னர், பின்னர் ஐரோப்பா சென்று, பிரான்சு நாட்டின் கான் நகரில் வாழலானார். 1922இல் பொருளுதவிக்கான ஏற்பாட்டோடு ஆட்சியைத் தமையனாரிடம் ஒப்படைத்தார். அதன்பின் பெயரளவிலேயே அவர் புதுக்கோட்டையின் மன்னர்.

1928 மே 28ஆம் நாள் பாரிசு நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 52. அவர்தம் உடல் தாய்மண்ணுக்கு வரவில்லை. இலண்டனில் கோல்டர்ஸ் கிரீன் என்னுமிடத்தில் எரியூட்டப்பட்டது. ஆறு வயதே நிரம்பிய இராசகோபாலத் தொண்டைமானை ஆங்கில அரசு அடுத்த மன்னராகத் தெரிவு செய்தது. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்துடன் தம் நாட்டை இணைத்தவர் அவரே. மோலி அம்மையார் கணவருக்குப் பின் 39 ஆண்டுகள் வாழ்ந்து, 1967இல் கான் நகரில் மறைந்தார்.

நாம் பெறும் பாடம்

இவ்வாழ்வை இன்பக் காதல் கதையாக மட்டும் சொல்வாரும் உளர். கடமை மறந்த மன்னரின் கதையாகப் பழிப்பாரும் உளர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. மணந்த பெண்ணைக் கைவிட்டு அரியணையைக் காத்துக்கொள்ள அவர் முயலவில்லை. அது போற்றற்குரியது. ஆனால் மணத்திற்கு முன்பே அவர் ஊரில் தங்கிய நாட்கள் குறைவு என்பதையும், அதனால் இழந்தவர் மக்களே என்பதையும் மறைத்தல் ஆகாது.

அயல்நாட்டு மொழியும் பழக்கமும் கற்பது குற்றமன்று. அவற்றைச் செம்மையாகக் கற்றமையாலேயே மன்னர் எந்நாட்டிலும் தடுமாறாது வாழ்ந்தார். அவர் தடுமாறியது திரும்பி வந்தபோதுதான். புதிய இடத்தில் இணங்கி வாழ்வதற்குச் செல்பவரின் முயற்சி மட்டும் போதாது. ஏற்பவரின் பெருந்தன்மையும் வேண்டும் என்பதை மோலி அம்மையாரின் வாழ்வு உணர்த்துகிறது. நஞ்சினும் கொடியது ஆங்கில அதிகாரத்தின் புறக்கணிப்பே எனலாம். ஏனெனில் அது நாள்தோறும் ஊட்டப்பட்டது.

இன்று அயல்நாடு செல்லும் மாணவச் செல்வங்கள் சென்ற நாட்டின் நல்லனவற்றைத் தயங்காது ஏற்கட்டும். ஊரோடு கொண்ட தொடர்பு அறுந்துவிடாமலும் காக்கட்டும். அவர்களுள் ஒருவர் வேற்று மொழி பேசும் வாழ்க்கைத் துணையோடு நம் தெருவிற்கு வந்து இறங்குவாராயின், வந்தவர் அச்சமின்றி உண்டு உறங்க நம் இல்லங்கள் இடமளிக்க வேண்டும். அக்கடமை ஊரிலுள்ள பெரியோராகிய நம்முடையது.