விண்வழி கண்ட காடார்டு

வானில் சீறிப் பாயும் வாணங்களை மக்கள் பன்னூறு ஆண்டுகளாக அறிவர். விழாக்காலங்களில் அவை கண்ணுக்கு விருந்தாயின. போர்க்களங்களில் பகைவரைக் கலக்கும் படைக்கலங்களாயின. பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர்ப் படையினர் இரும்புக் குழல்களில் வெடிமருந்தை அடைத்து ஆங்கிலேயர்மீது ஏவினர். ஆயினும், அவ்வாணத்தையே ஊர்தியாக்கி விண்வெளியை எட்டலாம் என்று துணிந்து, அத்துணிவைச் செயலிலும் காட்டியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க அறிஞர் இராபர்ட்டு காடார்டு.

காடார்டு 1882 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5 ஆம் நாள், மாசச்சூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்த வூசுட்டர் நகரில் பிறந்தார். இளமையில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டமையால் அவருடைய பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. உடன் பயின்றோர் முன்னேறிச் செல்ல, அவர் பின்தங்கினார். எனினும் நூல்கள் அவருக்கு உற்ற துணையாயின.

1899 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள், பதினேழு வயதினராகிய காடார்டு பட்ட கிளைகளை வெட்டுதற்பொருட்டுச் செர்ரி மரம் ஒன்றில் ஏறினார். மரத்தின்மேல் இருந்தபோது, செவ்வாய் மண்டலத்திற்குச் செல்லவல்ல ஒரு பொறியைச் செய்தல் கூடுமோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. ஏறியபோது இருந்த சிறுவன் வேறு, இறங்கியபோது இருந்த இளைஞன் வேறு எனலாம். அந்நாளைத் தம் வாழ்வின் திருநாளாகக் கருதி, ஆண்டுதோறும் அவர் நினைவுகூர்ந்து வந்தார்.

வெறும் கனவு காரியம் ஆகாது என்பதை உணர்ந்த காடார்டு கணிதமும் இயற்பியலும் கருத்தூன்றிக் கற்றார். 1911 இல் கிளார்க்குப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1913 இல் கொடிய காசநோய் அவரைப் பற்றியது. இன்னும் சில வாரங்களே உயிர் தரிப்பார் என மருத்துவர் கைவிட்டனர். அவரோ மனந்தளராது நோயை வென்று எழுந்தார். 1914 இல் இரண்டு காப்புரிமைகளைப் பெற்றார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று, எரிந்து முடிந்த பகுதியைக் கழற்றிவிட்டு மேலே செல்லும் இராக்கெட்டைப் பற்றியது ஒன்று. திரவ எரிபொருளால் இயங்கும் இராக்கெட்டைப் பற்றியது மற்றொன்று.

அக்காலத்து வாணங்கள் எரிபொருளின் ஆற்றலில் நூற்றில் இரண்டு பங்கையே பயன்படுத்தின. காடார்டு, முதலிற் குறுகிப் பின்னர் விரியும் குழல்வாயைப் பொருத்தி, அதனை அறுபது பங்கிற்கும் மேலாக உயர்த்தினார். காற்று நீக்கிய குழாயில் இராக்கெட்டை எரித்து, காற்றில்லா இடத்தும் அஃது இயங்கும் என்பதை மெய்ப்பித்தார். இவ்வாராய்ச்சிகளுக்காக சுமித்சோனியன் நிறுவனம் 1917 இல் 5,000 டாலர் வழங்கியது. அவர் எழுதிய ஆராய்ச்சி நூலை 1920 இன் தொடக்கத்தில் வெளியிட்டது.

அந்நூலின் ஒரு பகுதியில், சந்திரனையும் இராக்கெட்டு எட்டக்கூடும் என்பதைக் காடார்டு கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அதுவே அவருக்குத் தொல்லையாய் முடிந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' என்னும் நாளிதழ், காற்றில்லா வெளியில் உந்துதற்கு எதுவும் இல்லையாதலின் இராக்கெட்டு இயங்காது என்று கூறி, பள்ளி மாணவரும் அறிந்த செய்தியை இவர் அறிந்திலர் என எள்ளி நகையாடியது. ஒவ்வொரு விசைக்கும் எதிர்விசை உண்டு என்று நியூட்டன் கண்ட விதியை அவ்விதழே மறந்தது. புகை பின்னோக்கிப் பாயுங்கால் இராக்கெட்டு முன்னோக்கிச் செல்லும். அதற்குக் காற்றின் துணை வேண்டுவதில்லை. ஏளனம் காடார்டின் நெஞ்சைப் புண்படுத்தியது. அவர் வாதுக்கு நில்லாது வேலையிற் புகுந்தார்.

1926 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16 ஆம் நாள், பனி மூடிய ஆபர்ன் பண்ணை நிலத்தில், பெட்ரோலும் திரவப் பிராணவாயுவும் கொண்ட இராக்கெட்டை நிறுத்தி எரியூட்டினர். அவர் மனைவியார் எசுதர் அம்மையாரும் உடனிருந்தார். இராக்கெட்டு உடனே எழவில்லை. எரிபொருள் செலவாகி எடை குறைந்து, உந்துவிசை எடையை விஞ்சிய பின்னரே மேலெழுந்தது. 41 அடி உயர்ந்து, இரண்டரை விநாடி பறந்து, 184 அடி தொலைவில் விழுந்தது. உலகின் முதல் திரவ எரிபொருள் இராக்கெட்டு அதுவே!

1929 இல் ஏவிய இராக்கெட்டின் பேரொலியைக் கேட்டு, வானவூர்தி வீழ்ந்ததென அஞ்சி மக்கள் திரண்டனர். அம்மாநிலத்தில் இனிச் சோதனை கூடாதென அதிகாரிகள் தடுத்தனர். அவ்வமயம் புகழ்பெற்ற விமானி லிண்ட்பர்க்கு முயன்று, குகன்ஹைம் குடும்பத்தாரின் பொருளுதவியைப் பெற்றுத் தந்தார். காடார்டு நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராசுவெல் நகரையடுத்த வெட்டவெளிக்குச் சென்றார். ஆங்குப் பம்பரம்போற் சுழலும் கருவியால் இராக்கெட்டை நெறிப்படுத்தினார். பாராசூட்டால் அதனைப் பழுதின்றி இறக்க முயன்றார். வெடித்தவை பல, சாய்ந்தவை பல. ஒவ்வொரு தோல்வியையும் குறித்து வைத்து, குறை களைந்து மீண்டும் ஏவினார். 1937 இல் ஓர் இராக்கெட்டு ஒன்றரை மைலுக்கு மேல் உயர்ந்தது.

ஏளனத்திற்கு அஞ்சியோ, பிறர் கவர்வர் என்று ஐயுற்றோ, அவர் தம் ஆராய்ச்சிகளைப் பெரும்பாலும் மறைத்தே வைத்தார். அதனால் அவர் கண்டவை அவர் நாட்டிற்கே காலத்தில் முழுப்பயன் தரவில்லை. 1945 ஆம் ஆண்டு ஆகசுடு 10 ஆம் நாள் தொண்டைப் புற்றுநோயால் காடார்டு காலமானார். எசுதர் அம்மையார் கணவரின் குறிப்புகளைப் பேணி மேலும் பல காப்புரிமைகள் பெற்றார். அவருடைய காப்புரிமைகள் மொத்தம் 214. அவற்றைப் பயன்படுத்தியமைக்காக அமெரிக்க அரசு 1960 இல் பத்து இலட்சம் டாலர் வழங்கியது. மேரிலாந்து மாநிலத்தில் 1959 இல் அமைந்த விண்வெளி ஆய்வு நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1969 சூலை 17 ஆம் நாள், சந்திரனை நோக்கி மனிதர் சென்றுகொண்டிருக்கையில், முன்னர் எள்ளிய நாளிதழ் தன் பிழையை ஒப்புக்கொண்டு வருந்தியது.

இக்காலத்தில் மேலை நாட்டு மாணவர் பலர், பெட்டியில் வரும் அட்டைக்குழலையும் இறகுகளையும் இணைத்துச் சிறு இராக்கெட்டு செய்து, பெரியோர் துணையுடன் திறந்த வெளியில் ஏவுகின்றனர். தொலைவில் நின்று மின்சாரத்தால் எரியூட்டுகின்றனர், பாராசூட்டால் இறக்குகின்றனர். சிறுவிசையிற் பழகியோரே நடுவிசைக்குச் செல்வர். பெருவிசை இராக்கெட்டை ஏவ வயது வந்தோரும் தேர்ந்து சான்று பெறல் வேண்டும். படிப்படியாய் முயல்க, பாதுகாப்புடன் முயல்க என்னும் இந்நெறியே காடார்டின் வாழ்க்கை நெறி. நாற்பத்தோரடி ஏறிய அச்சிறு பொறியே சந்திரனுக்குச் செல்லும் வழியின் முதற்படியாயிற்று. தொடக்கம் சிறிதென்று எம்முயற்சியையும் இகழ்தல் தகாது.