ஃபோர்டு கண்டுபிடிக்காத பிக்கப்

உங்ககிட்ட 1925-ஆம் வருஷத்து மாடல் டி பிக்கப் ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கோங்க. நூறு வயசு, துரு இல்லை, ஒரிஜினல் இன்ஜின். முதல்ல எதுல கை வைப்பீங்க? பெயின்ட்லயா, சீட்லயா? அமெரிக்காவில் இதை இன்னும் ரோட்டில் ஓட்டுபவர்கள் பலர் முதலில் யோசிப்பது பிரேக்கைப் பற்றித்தான். இதோட பெடல் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற ஒரு டிரம்மைத்தான் பிடிக்கும். அங்கிருந்து பின்சக்கரம் வரைக்கும் நடுவில் எது உடைஞ்சாலும் பெடல் வேலைக்கு ஆகாது. அதனால பின்சக்கரங்களுக்குத் தனியா பிரேக் மாட்டுறாங்க.

வண்டியைச் செய்த ஹென்றி ஃபோர்டு இதைப் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்னுதான் தோணுது.

மறைமலை நகர் ஃபேக்டரியால நமக்குப் பழகின பேர். 1863-ல் மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு விவசாயி மகனாகப் பிறந்தார். நிலத்து வேலை பிடிக்காது. அக்கம்பக்கத்தார் கடிகாரங்களைக் கழற்றிச் சரி பண்றது பிடிக்கும். 16 வயசுல டெட்ராய்ட்டுக்குப் போய் மெஷின் ஷாப்பில் சேர்ந்தார். 1896-ல் வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டில் முதல் வண்டியை முடிச்சப்போ, அது கதவை விட அகலம். செங்கல் சுவரை இடிச்சுத்தான் வெளியே எடுத்தார். (நம்ம மினி ப்ராஜெக்ட் பிளானிங் பரவாயில்லை!)

1903-ல் ஃபோர்டு மோட்டார் கம்பெனி, 1908-ல் மாடல் டி. 20 குதிரைத்திறன், வனேடியம் ஸ்டீல், மண் ரோட்டிலும் ஓடும் உயரம். 1913-ல் நகரும் அசெம்பிளி லைன் வந்ததும், பன்னிரண்டரை மணி நேரம் எடுத்த சேஸி வேலை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கியது.

அதோட அவர் மனசுல வண்டி முடிஞ்சிடுச்சு. 1912 வாக்கில் அவர் வெளிநாடு போயிருந்தப்போ, அவர் ஆட்களே மேம்படுத்தின ஒரு வண்டியைச் செஞ்சு வெச்சாங்களாம். திரும்பி வந்தவர் அதைச் சுத்திப் பார்த்துட்டு, கதவைப் பிய்த்து, கண்ணாடியை உடைச்சார்னு அங்க வேலை பார்த்தவர் ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கார். ரிவ்யூல என் டிசைனை மாத்தச் சொன்னா எனக்கும் சுர்ருன்னுதான் வரும். ஆனா அவர் விஷயத்தில் அது பதினைஞ்சு வருஷம் நீடிச்சது.

விவசாயிகள் அவர்கிட்ட அனுமதி கேட்கலை. காரின் பின்பக்கத்தை வெட்டி எடுத்துட்டு மரப்பெட்டி வெச்சாங்க. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் போட்டு மரம் அறுத்தாங்க. கம்பெனி அதைப் பார்த்து, 1925-ல் இரும்புப் பெட்டியோட தானே பிக்கப் விற்க ஆரம்பிச்சது. விலை 281 டாலர். வாடிக்கையாளர் முதல்ல செஞ்சுட்டார், ஃபேக்டரி பின்னாடி வந்தது. எனக்குத் தெரிஞ்சு இதுதான் நல்ல ஃபீல்டு டெஸ்ட்.

வீட்டுக்குள்ள அந்த மாதிரி மீற முடியாதவர் ஒருத்தர் இருந்தார்: ஒரே மகன் எட்செல். 1919-லேயே கம்பெனித் தலைவர். பேருக்குத்தான். புது மாடல் வேணும்னு அவர் கேட்டுக்கிட்டே இருந்தார். 1927 மே 26 அன்று, ஒன்றரைக் கோடியாவது மாடல் டி-யில் அப்பாவும் மகனும் சேர்ந்து போனாங்க. அதோட அந்த மாடலுக்கு முடிவு கட்டினாங்க. அடுத்து வந்த மாடல் ஏ-வில் நாலு சக்கரத்துக்கும் பிரேக். ஹைட்ராலிக் பிரேக்குக்கு மட்டும் அப்பா 1939 மாடல்கள் வரைக்கும் இறங்கி வரலை. போட்டிக் கம்பெனிகள் எப்பவோ மாறியாச்சு. எட்செல் 49 வயசில், 1943-ல், வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். அன்னைக்கும் தேதி மே 26.

ஃபோர்டு தன் பத்திரிகையில் யூத வெறுப்பைப் பரப்பியதும், 1937-ல் கம்பெனி ஆட்கள் யூனியன்காரர்களை அடித்ததும் தனிக் கதைகள். அதையெல்லாம் ஒதுக்கிட்டு அவரைப் புகழ எனக்கு மனசு வரலை.

1947 ஏப்ரல் 7, ஆத்து வெள்ளத்தில் வீட்டுக்குக் கரண்ட் இல்லை. ஒருகாலத்தில் டெட்ராய்ட் எடிசன் மின் கம்பெனியில் தலைமை இன்ஜினியரா இருந்தவர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இறந்தார்.

சரி, உங்க பிக்கப்புக்கு வருவோம். பிரேக் மாட்டியாச்சு. கியர் ரெண்டே ரெண்டு. போதலைன்னா அந்தக் காலத்திலேயே வந்த ரக்ஸ்டெல் டூ-ஸ்பீடு ஆக்சில் போடலாம். பழைய பாகங்களைத் தூக்கிப் போடாம ஒரு பெட்டியில் எடுத்து வைங்க. பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில், பம்ப் கிடையாது, தானா வழிஞ்சுதான் கார்புரேட்டருக்கு வரணும். டேங்க் காலியாகிற நேரத்தில் செங்குத்தான மேடு வந்தா, வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏத்துங்க.