எஸ். எஸ். பிள்ளை

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை (ஏப்ரல் 5, 1901 - ஆகஸ்டு 31, 1950) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணிதவியலர். எண் கோட்பாட்டில், சிறப்பாக வாரிங் பிரச்சினையில், இவர் கண்ட முடிவுகள் உலகப் புகழ் பெற்றவை. இராமானுசனுக்குப் பின் தோன்றிய இந்திய எண் கோட்பாட்டாளர்களுள் முன்வரிசையில் வைக்கத்தக்கவர்.

வாழ்க்கை

தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களை அடுத்துள்ள வல்லத்தில் சுப்பையா பிள்ளைக்கும் கோமதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். ஓராண்டிலேயே தாய் காலமானார்; பள்ளியிறுதி ஆண்டில் தந்தையும் மறைந்தார். அத்துடன் நின்றிருக்க வேண்டிய படிப்பு, சாஸ்திரியார் என்ற ஆசிரியர் செய்த பொருளுதவியால் தொடர்ந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்றபின், 1927 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவரானார். அங்கு ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோர் அவருக்கு வழிகாட்டினர். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவருடைய தலைசிறந்த ஆய்வுகள் இக்காலத்தவையே. பின்னர் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் இருந்தார்.

வாரிங் பிரச்சினை

எந்த நேர்ம முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்பதை 1770 இல் லாக்ராஞ்சி நிறுவினார். உயர் அடுக்குகளுக்கு எத்தனை எண்கள் தேவை என்பதே வாரிங் பிரச்சினை. ஆறாம் அடுக்குகளை எடுத்துக்கொள்வோம். 3 இன் ஆறாம் அடுக்கு 729. ஆகவே 703 என்ற எண்ணை 64, 1 ஆகிய இரண்டை மட்டுமே கொண்டு அமைக்க முடியும். பத்து 64களைக் கூட்டினால் 640. மீதி 63க்கு அறுபத்து மூன்று 1கள் வேண்டும். எனவே 73க்குக் குறைந்து முடியாது. இந்தக் கீழ் எல்லையைக் காண்பது எளிது. எல்லா எண்களுக்கும் 73 போதும் என்று காட்டுவதுதான் கடினம். அதை 1940 இல் பிள்ளை நிறுவினார். ஏழும் அதற்கு மேலுமான அடுக்குகளுக்கு, 1930களின் நடுவில், அவரும் அமெரிக்கரான டிக்சனும் தனித்தனியே விடை கண்டனர். டிக்சனின் பெயர் பரவிய அளவு பிள்ளையின் பெயர் பரவவில்லை. நான்காம் அடுக்குக்கான முழு நிறுவல் 1986 வரை காத்திருந்தது. அதைச் செய்த மூவருள் ஒருவர் இரா. பாலசுப்பிரமணியன்.

தொடர் எண்கள்

அடுத்தடுத்து வரும் முழு எண்கள் பதினாறோ அதற்குக் குறைவோ இருப்பின், அவற்றுள் ஓர் எண்ணாவது மற்ற அனைத்துடனும் பொதுக் காரணி இல்லாததாக இருக்கும். இதுவும் பிள்ளையின் தேற்றம். பதினேழில் இது பொய்க்கிறது: 2184 முதல் 2200 வரை அத்தகைய எண் ஒன்றுகூட இல்லை. இன்று சில வரி நிரலால் இதைச் சரிபார்த்துவிடலாம். பிள்ளையின் காலத்தில் கைக்கணக்கே துணை. 14!+1 ஐ வகுக்கும் 23 போன்ற ஒருவகைப் பகா எண்கள் பிள்ளை பகா எண்கள் எனப்படுகின்றன.

மறைவு

1950 இல் பிரின்சுடன் உயர் ஆய்வு நிறுவனம் அவரை ஓராண்டுக் காலத்துக்கு அழைத்தது. ஹார்வர்டில் கூடிய அனைத்துலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்கப் புறப்பட்டார். ஆகஸ்டு 31 அன்று கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். சண்டிகர் நகரத் திட்டத்தில் ஈடுபட்டிருந்த போலந்துக் கட்டடக்கலைஞர் நொவிட்ஸ்கியும் அவர்களுள் ஒருவர். பிள்ளைக்கு அப்போது வயது 49. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் பாலசுப்பிரமணியனும் தங்கதுரையும் தொகுக்க, இராமானுசன் கணிதக் கழகம் 2010 இல் வெளியிட்டது.