ஒலி மாறினும் உறவு மாறாது



நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் பெயரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் நம்மிடையே அரிது. யாழ்ப்பாண வரலாற்றை ஆராய்ந்தவராகவே பலரும் அவரை நினைவுகூருகின்றனர். ஆயினும் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை அவர் ஒப்படைத்த பணி வேறொன்று. சொற்களின் ஒலிகள் காலப்போக்கில் எவ்வாறு திரிகின்றன, எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு உறவு என்பதை ஆராய்ந்து அகராதியாக்கும் பணி அது. அப்பணி நிறைவுறும் முன்னரே இறைவன் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார்.

1875ஆம் ஆண்டில் மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு இடப்பட்ட பெயர் வைத்திலிங்கம். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். அன்னையார் பின்னர் அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மணந்தார். இவ்வாறு கிறிஸ்தவ விசுவாசம் அவ்வீட்டில் ஒளியேற்றியது. வைத்திலிங்கம் ஞானப்பிரகாசரானார். நூல்கள் எழுதியவரும் அச்சுக்கூடம் நடத்தியவருமான புதிய தந்தையின் நிழலில் எழுத்தின் மீது பற்று வளர்ந்தது. புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகச் சில காலம் பணியாற்றிய அவர், இறையழைத்தலை உணர்ந்து குருமடம் புகுந்தார். அமலமரித் தியாகிகள் சபைத் துறவியாகி, 1901இல் குருவாக அருட்பொழிவு பெற்றார். அதன் பின் நல்லூரே அவரது மறைப்பணிக்கும் ஆராய்ச்சிக்கும் களமாயிற்று.

ஒலித்திரிபு என்பது யாது? தமிழில் பால், பத்து, பல் என்று நாம் சொல்பவற்றைக் கன்னடர் ஹாலு, ஹத்து, ஹல்லு என்பர். பழங்கன்னடத்தில் இச்சொற்களும் பகரத்தோடே ஒலித்தன. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அது ஹகரமாயிற்று. நமது ஏழும் கோழியும் தெலுங்கில் ஏடு, கோடி என வழங்குகின்றன. இம்மாற்றங்கள் மனம்போன போக்கில் நிகழ்வன அல்ல. ஒரு சொல்லில் நிகழ்ந்தது அதன் இனச்சொற்களிலும் ஒழுங்காக நிகழ்கிறது. அந்த ஒழுங்கைக் கண்டவரே மொழிகளின் உறவை அறிவர்.

இதில் நம்மைத் தாழ்மையுறச் செய்யும் உண்மையொன்றும் உண்டு. நாம் செவி என்பதைக் கன்னடர் கிவி என்பர். நாம் செம்மை என்பதற்கு உறவாக அவர்களிடம் கெம்பு உள்ளது. இங்கே பழைய ககரத்தைக் காத்து நிற்பது கன்னடமே; சகரமாக மாறியது தமிழ். மற்றவர் திரிந்துவிட்டார் என்று நாம் எண்ணும்போது, திரிந்தவர் நாமாகவும் இருக்கலாம் அன்றோ!

சுவாமி ஞானப்பிரகாசர் பல மொழிகளைக் கற்றுச் சொற்களை ஒப்புநோக்கினார். சிங்களத்தில் கலந்துள்ள திராவிடக் கூறுகளையும் ஆராய்ந்தார். சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியின் முதற்பகுதி 1938இல் வெளிவந்தது. ஒரு பெரும் பேரகராதியாகத் திட்டமிடப்பட்ட அதன் சில பகுதிகளே அச்சேறிய நிலையில், 1947 ஜனவரியில் அவர் இறைவனடி சேர்ந்தார். உலக மொழிகள் பலவற்றின் வேர்களும் தமிழிலேயே உள்ளன என்ற அவரது பெருங்கருத்தை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. எனில் அவரது உழைப்பு வீணாயிற்றா? இல்லை. திருப்பலியும் திருவருட்சாதனங்களும் மக்கள் பணியும் நிறைந்த நாள்களின் நடுவே, அயலவர் சொல்லிலும் தம்மவரின் சாயலைத் தேடிய அவரது பொறுமை வீணாகாது. முடிக்காமல் விட்ட பணியையும் ஆண்டவர் காணிக்கையாக ஏற்கிறார்.

அன்புக்குரியவர்களே! பெந்தெகொஸ்தே நாளில் தூய ஆவியார் மொழிகளை அழித்து ஒன்றாக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்கச் செய்தார். நாமோ ஒரே தமிழைப் பேசிக்கொண்டே, மட்டக்களப்பாரின் பேச்சையும் மலையகத்தாரின் பேச்சையும் மன்னாராரின் பேச்சையும் கேட்டு நகைக்கிறோம். புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த பேரப்பிள்ளை தொலைபேசியில் ழகரத்தைத் தவறவிட்டால், திருத்துவதிலேயே நேரம் போய்விடுகிறது. அப்பிள்ளை சொல்ல வந்த அன்பு நம் செவியில் விழுவதில்லை. நாளடைவில் அப்பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடுகிறது.

இவ்வாரம் உங்கள் இல்லத்தில் ஒரு முயற்சி செய்யுங்கள். உங்களைப் போல் பேசாத ஒருவரின் சொல்லை, இடைமறிக்காமல், இறுதிவரை கேளுங்கள். மாறிய ஒலிக்குள்ளே மாறாத உறவைக் கண்டறியும் அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக!